தட்டைக்கோடு

எங்கள் இயன்முறை சிகிச்சைக்கூடத்தின் தலைமைச் சிகிச்சையாளரை எல்லோரும் அக்கா என்போம். முதுகுக்குப் பின்னால் 'பொய் பிடிக்கிற அக்கா'. வேலையில் அடிபட்ட அரசு ஊழியர்களை எங்களிடம்தான் அனுப்புவார்கள். கை தேறியதா இல்லையா என்று அக்கா எழுதுவதுதான் வேதவாக்கு. பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் அவருக்குக் காது குத்தியதில்லை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கே அதில் ஏகப்பட்ட பெருமை.

பிடியின் வலிமையை அளக்க அவரிடம் ஒரு கருவி உண்டு. கைப்பிடியை ஐந்து அகலங்களில் மாற்றி மாற்றி வைத்து அழுத்தச் சொல்வார். முழு மூச்சாக அழுத்தினால் நடுவில் அளவு ஏறி, ஓரங்களில் இறங்கும். வரைந்தால் குன்று மாதிரி இருக்கும். நடிக்கிறவருக்குக் கோடு தட்டையாக வரும். உடனே 'முழு முயற்சி இல்லை' என்று எழுதிவிடுவார். சிகிச்சை நிற்கும், மறுவாரமே பழைய வேலை.

அன்று வந்தவர் குடிநீர் வாரிய ஊழியர். வால்வுச் சக்கரத்தில் வலது கை நசுங்கி ஐந்து மாதம். கோடு தட்டையாக வந்தது. நான்கு மணிக்குள் அறிக்கை வேண்டும் என்று அவருடைய அலுவலகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை அதே வால்வில் ஆள் நிற்க வேண்டுமாம். பிடி நழுவினால் சக்கரம் திருப்பி அடிக்கும், மிச்சக் கையும் போகும்.

வெளியே அவர் மனைவி, வீட்டில் எல்லாமே அந்தக் கையால்தான் செய்கிறார் என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். என் வாய் சும்மா இருக்குமா? உள்ளே போய் அப்படியே ஒப்பித்தேன். அக்கா 'முழு முயற்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அறிக்கையோடு வெளியே வந்தேன். மணி மூன்று ஐம்பது. மனைவி கணவரிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டித் திறக்கச் சொன்னார். அவர் வாங்கிக்கொண்டு திரும்பி நின்றார். பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, இடது கையால் மூடியைத் திருகி, வலது கையால் திறந்தது போல அதில் சாய்த்துப் பிடித்தபடி மனைவியிடம் நீட்டினார். அக்கா எழுதியதை நான் அதுவரை எதிர்த்ததே இல்லை. அறிக்கையை அவர் மேசையில் திருப்பி வைத்து, பார்த்ததைச் சொன்னேன்.

அக்கா அந்த ஊழியரைத் தனியே கூப்பிட்டு, வலது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு காகிதத்தைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அவருக்கு நெற்றி வியர்த்தது. அக்கா இழுத்ததும் காகிதம் வந்துவிட்டது.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சரியாயிடுச்சுன்னு நம்பிட்டிருக்கா" என்றார் அவர்.

அறிக்கையை மாற்றி எழுதி, சிகிச்சை தொடர வேண்டும் என்று நான்கு மணிக்கு அனுப்பினோம். வாரியத்துக்காரர் தொலைபேசியில் கத்தியதை நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. "பலமே இல்லாத கைக்கும் கோடு தட்டையாத்தான் வரும். படிச்சதுதான். எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு பழைய கோப்புகளை எடுக்கச் சொன்னார். தட்டைக்கோடு வந்தவை பதினான்கு இருந்தன. மேலே இருந்தது அரசுப் பேருந்துப் பணிமனை மெக்கானிக் ஒருவருடையது, ஆறு வருடத்துக்கு முந்தையது. அதிலிருந்த தொலைபேசி எண்ணை அக்கா தானே அழுத்தினார். தான் யார் என்று சொல்லிவிட்டு, கை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

மெக்கானிக் திருப்பிக் கேட்டது எனக்கும் கேட்டது.

"எந்தக் கைங்க? நல்லா இருக்குன்னு நீங்க எழுதுனீங்களே, அதுவா?"