அப்பாவின் மூஞ்சிக்குப் பிளாஸ்டர்

உங்கள் அப்பாவின் மூஞ்சியில் நீங்கள் எப்போதாவது பிளாஸ்டர் அப்பியிருக்கிறீர்களா? நான் அப்பியிருக்கிறேன். ஜெர்மனியில், பான் பல்கலைக்கழகத்தில், பட்டப்பகலில், என் பேராசிரியையின் கண்முன்னால். அதுவும் மதிப்பெண்ணுக்காக.

நான் படிப்பது கலை வரலாறு. எங்கள் ஊரான டோர்ட்மண்டில் ஏதாவது ஒரு தமிழ்க் கலியாண வீட்டில் போய் இதைச் சொல்லிப்பாருங்கள். "ஓ, நல்லது" என்றுவிட்டு உங்கள் அம்மாவைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். என் அப்பா பார்சல் வான் ஓட்டுபவர். எதையும் முகவரி பார்த்து, கதவு பார்த்து, கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் பழகிய மனிதர். இந்தப் படிப்பு எந்தக் கதவில் போய் நிற்கும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. முதலாம் செமஸ்டர் முடியும் நேரம் தீர்ப்புச் சொன்னார்.

"உன்ர ரெஃபராட்டுக்கு நான் வாறன். நீ அங்கை எழும்பி நிண்டு பேசுறதைக் கேக்கிறன். எனக்கு ஏதும் விளங்கினால் நீ படி. விளங்கேல்லை எண்டால், பல்லு டொக்டரிட்டை ஆஸ்பில்டுங் இருக்கு."

பல் வைத்தியருக்கு உதவியாளராகத் தொழில் பழகும் இடம் அது. அம்மாவின் சிநேகிதி ஏற்கெனவே பேசி வைத்துவிட்டார். ஆக, என் முழு எதிர்காலமும் ஒரு உரையில் தொங்கியது.

உரையின் தலைப்பு, விக்டோரியா ராணி காலத்து ஆங்கிலச் சிற்பி ஒருவன். பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை, எனக்கும் அதற்கு முன் தெரியாது. என் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லறைக் கல் வெட்டுகிறவனின் மகன். லண்டனுக்கு ஓடி, ரோமுக்குப் போய், திரும்பி வந்தபோது பணக்காரர் எல்லோரும் வாசலில் வரிசை. கன்னமீசை வைத்த கனவான்களின் மார்பளவுச் சிலைகள் செய்தே கொழுத்தான். எல்லாச் சிலைகளுக்கும் ஒரே வாய், புளித்த தயிர் குடித்த வாய்.

பகிடி என்னவென்றால், அவன் பளிங்கைத் தொடுவதே குறைவு. களிமண்ணில் உருவம் பிடிப்பான், அதைப் பிளாஸ்டரில் வார்ப்பார்கள், பிறகு கூலிக்கு வந்தவர்கள் அளந்து அளந்து பளிங்கில் கொத்துவார்கள். பார்வையாளர் வரும் நாளில் மட்டும் என் ஆள் கோட்டில் கொஞ்சம் பளிங்குத் தூளைத் தூவிக்கொண்டு, நெற்றியைத் துடைத்தபடி நிற்பான். எனக்கு அவனைப் பிடித்துப்போனதே அந்த இடத்தில்தான். அந்தக் காலத்துத் தாய்மார் தங்கள் குழந்தைகளின் கைகளைப் பளிங்கில் செய்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். அவன் அந்த வேலையும் எடுத்தான், கூலிக்காரரிடம் தள்ளினான். ஒரே ஒரு கையை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் தானே செதுக்கினான். தன் மகளுடையதை.

வெறும் பேச்சு அப்பாவுக்கு ஏறாது. அப்பாவின் ஜெர்மன் பார்சல் ஜெர்மன். "பக்கத்து வீட்டில் குடுத்திருக்கிறன்" என்ற அளவில் பிரமாதம், பளிங்கு, வார்ப்பு என்று போனால் மூச்சு வாங்கும். அதனால், களிமண் பிடிக்கும் முன் என் ஆள் கனவான்களின் முகத்தில் பிளாஸ்டர் அப்பி அச்சு எடுத்த விதத்தைச் செய்தே காட்டுவது என்று முடிவெடுத்தேன். வகுப்புத் தோழன் ஒருவன் முகம் தருகிறேன் என்றான். அன்று காலை வந்து நின்றான், தடிமலோடு. இரண்டு மூக்கும் அடைப்பு. வாயை மூடிப் பிளாஸ்டர் போட்டால் ஆள் செத்துப்போவான்.

நான் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். முன்வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு அப்பா, பக்கத்தில் அம்மா.

"அப்பா, கொஞ்சம் படுக்க ஏலுமே?"

"எங்கை?"

"இந்த மேசையிலை. உங்கட மூஞ்சி வேணும்."

"மீசையைத் தொடக்கூடாது."

"தொடமாட்டன். களிம்பு பூசினால் ஒட்டாது."

அம்மா இடையில் புகுந்தார். "மூஞ்சிக்குப் பூசிப்போட்டு என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறியள்? நான் இத்தினை வருசமாப் பாக்கிறன், ஒண்டும் இல்லை."

அப்பா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மேசையில் ஏறிப் படுத்தார். சட்டை பழுதாகாமல் கழுத்துவரை வெள்ளைத்துணி போர்த்தினேன். நெற்றியிலிருந்த திருநீற்றைத் துடைக்க விடவில்லை, அதன் மேலேயே களிம்பு. மூச்சுக்கு மூக்கில் இரண்டு குழாய், சுற்றிவரப் பஞ்சு. காதுக்குள்ளும் பஞ்சு. என் ஆள் விளக்கு வெளிச்சத்தில்தான் முகத்தின் மேடு பள்ளம் பார்ப்பான் என்பதால் தலைமாட்டில் ஒரு எண்ணெய் விளக்கு. பிறகு பிளாஸ்டர். பேசிக்கொண்டே அப்பினேன். மண்டபமே சுற்றி நின்று பார்த்தது. கலை வரலாறு படிக்கிறவர்களின் சீருடையே கறுப்பு, அன்றும் எல்லோரும் கறுப்பு. அம்மா தன் கன்னத்தில் தெறித்த பிளாஸ்டரைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிளாஸ்டர் சூடாகி இறுகத் தொடங்கிய நேரம் கதவு திறந்தது. மாமி. அப்பாவின் தங்கச்சி. வேலை முடித்து ரயிலில் வந்தவர், பிந்திவிட்டார்.

இப்போது மாமியின் கண்ணால் பாருங்கள். அண்ணன் நீட்டி நிமிர்ந்து கிடக்கிறார். வெள்ளைத்துணி. மூக்கில் பஞ்சு. தலைமாட்டில் விளக்கு. சுற்றிவரக் கறுப்பு உடுப்பில் வெள்ளைக்காரர். அண்ணி கைக்குட்டையோடு.

"ஐயோ என்ர அண்ணை!"

கைப்பை ஒரு பக்கம் பறந்தது. மாமி ஓடிவந்து மேசைக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொடங்கினார்.

"என்னை விட்டிட்டுப் போட்டியளே! நேற்றும் போனிலை கதைச்சனியளே!"

நான் "மாமி, மாமி" என்றேன். யாருக்குக் கேட்கும்? என் இரண்டு கையும் அப்பாவின் தாடையில், விட்டால் விளிம்பு வழுக்கிவிடும். அம்மாவோ வாயைப் பொத்திக்கொண்டு திகைத்து நின்றார். மாமி அடுத்த கட்டத்துக்குப் போனார்.

"என்ர பிள்ளை கல்லுக்குள்ளை ஆளைப் பாக்கிற படிப்புப் படிக்குது எண்டு போற வாற வீடெல்லாம் சொல்லித் திரிஞ்சியளே! பார்சல் வாங்க வந்த வெள்ளைக்காரிக்கும் சொன்னியளே! பிள்ளைக்குத் தெரிஞ்சால் தலைக்கேறிப்போகும், மூச்சு விடாதை எண்டு என்ர வாயைக் கட்டினியளே! அந்தப் பிள்ளை பட்டம் வாங்கிறதைப் பாக்காமல் போட்டியளே!"

என்ன? பொறுங்கள், என்ன?

அதற்குப் பிறகு மாமியை நிறுத்தும் ஆசை எனக்குச் சுத்தமாகப் போய்விட்டது. குனிந்து பார்த்தேன். வெள்ளைத்துணிக்குக் கீழே அப்பாவின் வயிறு குலுங்கியது. பஞ்சு மாமியின் குரலுக்கு எந்த மூலைக்கு? எல்லாம் கேட்டிருக்கிறது. மறுக்கவும் வழியில்லை, வாய்க்கு மேல் இரண்டு விரல் தடிப்பில் பிளாஸ்டர். குழாய் வழியாக "ப்ஹ், ப்ஹ்" என்று காற்று வந்தது.

"அப்பா, சிரிக்காதேங்கோ! அச்சு பழுதாப்போகும்!"

அப்பா துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்துச் சரி என்று ஆட்டினார். அதைப் பார்த்த மாமி போட்ட சத்தத்தில் விளக்கு அணைந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பாதீர்கள், ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான்.

"உயிரோடயோ இருக்கிறார்? அப்ப ஏனடி மூக்கிலை பஞ்சு?"

பேராசிரியை கைதட்டத் தொடங்கினார். பிறகு எல்லோரும். மாமியையும் உரையின் ஒரு பகுதி என்று நினைத்திருக்கிறார்கள். துக்க வீட்டையும் சிற்பக் கலையையும் இப்படி இணைத்தது துணிச்சல் என்றார் பேராசிரியை. நான் தலையை ஆட்டி வைத்தேன். மாமியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சபைக்குத் தலை வணங்கினார், சும்மா சொல்லக்கூடாது.

அச்சு கழன்றது, மீசையில் நாலைந்து முடியையும் பிடுங்கிக்கொண்டு. அப்பா எழுந்து உட்கார்ந்து முதல் வேலையாகத் தங்கச்சியைப் பார்த்தார்.

"உனக்குத்தான் அந்தப் பிளாஸ்டரைப் போட்டிருக்க வேணும்."

அடுத்த கிழமை அச்சில் வார்த்து எடுத்தபோது பார்த்தேன். கண் மூடியிருக்கிறது, நெற்றியில் திருநீற்றுக் கோடு மெல்லிசாகத் தெரிகிறது, ஒரு கன்னம் மட்டும் மேலே ஏறி, சிரிப்பை அடக்கிய வாய். என் ஆளின் தயிர்வாய்க் கனவான்கள் ஒருவருக்கும் அமையாத வாய். கண் மூடின முகத்தை வீட்டுக்குள் வைக்க அம்மா விடவில்லை. அப்பா அதை வானின் முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, பார்சல் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டித் திரிந்தார்.

உரையன்று வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோபான் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டியது அப்பாதான். காது மடலில் இன்னும் வெள்ளை ஒட்டியிருந்தது. பின்சீட்டில் மாமி நித்திரை. தீர்ப்பு வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, அந்தாளின்ர மகள். அந்தக் கைக்காரி. அவள் பிறகு என்ன படிச்சவள்?"

"தெரியாது அப்பா. ஒரு புத்தகத்திலையும் இல்லை."

"அப்ப உனக்கு இன்னும் வேலை கிடக்கு. கண்டுபிடி."

நான் இப்போது நான்காவது செமஸ்டரில் இருக்கிறேன்.