நல்லம்மாவின் வாங்கும் கொம்பனியின் நிபந்தனையும்

காலை எட்டு மணிக்குள் மூன்று கதவுகள் என் முகத்தில் சாத்தப்பட்டுவிட்டன. நாலாவதாக நான் போன நல்லம்மாவின் தேத்தண்ணிக் கடைக்குக் கதவே இல்லை. 1941இல் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் நான் விற்றுத் திரிந்தது பொறுப்புக் காப்புறுதி. உங்கள் பொருளுக்கு நட்டம் வந்தால் கொம்பனி திரும்பிப் பார்க்காது. உங்களால் இன்னொருவருக்குக் கேடு வந்தால் அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும். விடிந்ததும் விடியாததுமாக வந்து, ‘உங்களால் ஆருக்கோ கேடு வரப்போகுது’ என்று சொல்கிறவனுக்கு யார் கதிரை போடுவார்கள்? வீடு வீடாக ஏறி இறங்கி எதையாவது விற்றுப் பார்த்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

கூரைக்கு இல்லை, காலுக்கும் இல்லை

யுத்தம் வந்ததிலிருந்து துறைமுக வாசலில் கூலியாட்களின் கூட்டம். நல்லம்மாவின் அடுப்பு அணைந்ததே இல்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்.

“என்ர கூரை பறந்தா?”

“அதுக்கு இல்லை, அக்கா.”

“நான் விழுந்து கால் முறிஞ்சா?”

“அதுக்கும் இல்லை. உங்கட கவனக்குறைவால மற்றாக்களுக்கு ஏதும் வந்தால்தான்.”

காப்புறுதி இல்லாமல் கடை நடத்த விடமாட்டேன் என்று நிலத்துச் சொந்தக்காரர் ஒற்றைக்காலில் நின்றதால் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டுச் சொன்னார்: “நல்ல வியாபாரம் தம்பி. கட்டுறது நான், வாங்குறது வேற ஆரோ.”

கப்பல்துறை லொறி

கப்பல்துறை என்ற ஊரில் லொறி வைத்திருந்த கந்தையாவிடம் இன்னும் சுலபமாக முடியும் என்று நம்பிப் போனேன். இருட்டடிப்புச் சட்டப்படி லொறியின் விளக்குகளுக்குக் கறுப்புக் கடதாசி ஒட்டியிருந்தது. கண்டி வீதியில் மாடு எது, மனிதர் எது என்று தெரியாமல் ஓட்டுகிற ஆளுக்கு என் சரக்கு அவசியம் என்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். கந்தையா பொறுமையாகக் கேட்டார், தலையும் ஆட்டினார். பிறகு லொறியில் ஏறிக்கொண்டு சொன்னார்: “வாறவன் என்னை இடிச்சா அது அவன்ர பொறுப்பு. நான் அவனை இடிச்சா அது இருட்டின்ர பொறுப்பு. எனக்கு ஏன் ஐசே இது?”

ஒத்திகை

ஒரு நாள் விமானத் தாக்குதல் ஒத்திகைக்குச் சங்கு ஊதினார்கள். நல்லம்மாவின் கடையில் இருந்தவர்கள் பதுங்கு குழிக்குப் பாய்ந்தார்கள். ஆட்கள் இருந்து தேத்தண்ணி குடிக்கும் நீள வாங்குக்கு ஒரு கால் உடைந்து, கயிற்றால் கட்டியிருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்ப, அது சரிந்து அடுப்பில் மோதியது. கொதிதண்ணிக் கிடாரம் கவிழ்ந்தது. மீன் விற்றுவிட்டுத் தேத்தண்ணிக்கு வந்திருந்த சல்லி என்ற கரையோரக் கிராமத்துக் கடற்றொழிலாளி காத்தமுத்துவின் இரண்டு கால்களும் வெந்துபோயின.

மாதக்கணக்கில் உப்புத்தண்ணியில் கால் வைக்கக் கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். காத்தமுத்து கடலுக்குப் போனால்தான் வீட்டில் உலை கொதிக்கும். யுத்தத்தால் வரும் கேட்டுக்குக் கொம்பனி கொடுக்காது. ஒத்திகை யுத்தம் அல்ல என்பதால் வழி இருந்தது. அதைச் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனேன். காத்தமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “குண்டே போடாமல் ஆளை விழுத்திப்போட்டாங்கள். ஒத்திகை நல்லாத்தான் நடந்திருக்கு.”

போகாதேங்கோ அக்கா

அங்கிருந்து நேரே நல்லம்மாவிடம் ஓடினேன். “சல்லிப் பக்கம் போகாதேங்கோ. கொம்பனி விசாரிக்கும்வரை ‘பிழை என்ர’ எண்டு ஆரிட்டையும் சொல்லக்கூடாது. அது நிபந்தனை. சொன்னீங்கள் எண்டால் கொம்பனி கைகழுவும். காத்தமுத்துவுக்குக் கொடுக்க உங்கட கடையைத்தான் விக்க வேண்டிவரும்.”

ஆனால் அந்தக் கரையின் வழக்கம் வேறு. ஒருவரால் இன்னொருவர் காயப்பட்டால், காயப்படுத்தியவர் அந்த வீட்டு முற்றத்துக்குப் போய்த் தன் பிழையைத் தன் வாயால் சொல்ல வேண்டும். வராதவரோடு ஊர் கதைக்காது. காத்தமுத்து வீடு திரும்பிய அன்றே நல்லம்மா அரிசியும் வாழைக்குலையுமாகப் போனார். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோருக்கும் கேட்க, “வாங்குக்கால் உடைஞ்சது எனக்குத் தெரியும். கயிறு கட்டிச் சமாளிச்சனான். பிழை என்ர” என்றார்.

நான் போய்ச் சத்தம் போட்டேன். நல்லம்மா என்னைவிடப் பெரிதாகச் சத்தம் போட்டார்: “காயப்பட்ட மனிசன்ர வீட்டுக்குப் போகாமல் இருக்கிறதுக்கோ தம்பி நான் காசு கட்டினனான்?”

ஒரே வண்டில்

கொம்பனிக்காக வழக்குப் பேசும் புறக்டர் கொழும்பிலிருந்து வந்தார். காத்தமுத்துவின் வீட்டில் வைத்து நல்லம்மாவிடம், பிழையை ஒத்துக்கொண்டீர்களா என்று கேட்டார். காத்தமுத்து முந்திக்கொண்டு, “அக்கா ஒண்டும் சொல்லேல்லை ஐயா” என்றார்.

“பொய் சொல்லாத, காத்தமுத்து. ஊரே கேட்டது” என்று நல்லம்மா வெட்டினார். புறக்டர் பக்கம் திரும்பி, “நான் சொன்னதாலயோ வாங்குக்கால் உடைஞ்சது? சொல்லாமல் விட்டிருந்தால் ஒட்டியிருக்குமோ?” என்றார்.

நிபந்தனை நிபந்தனைதான், கொடுக்க ஏலாது என்றார் புறக்டர். நல்லம்மா அவர் முன்னாலேயே காத்தமுத்துவிடம், “நீ என்மேல வழக்குப் போடு. வாங்கை நானே கோட்டுக்குக் கொண்டுவாறன்” என்றார்.

காத்தமுத்து வழக்குப் போட்டார். வழக்கு நாளன்று, நடக்க முடியாத காத்தமுத்துவும் அவருடைய எதிராளி நல்லம்மாவும் ஒரே மாட்டு வண்டிலில் வந்து இறங்கினார்கள், நடுவில் வாங்கு. புறக்டர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். யாரும் எதையும் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. கயிறு கட்டிய அந்த வாங்குக்காலைப் பார்க்கிற எந்த நீதவானும் ஒரே தீர்ப்புத்தான் சொல்லுவார். நல்லம்மா வாய் திறந்ததால்தான் கொம்பனிக்கு நட்டம் என்று சொல்லி இனி நிபந்தனைக்குப் பின்னால் ஒளிய ஏலாது. வழக்கைக் கூப்பிடுமுன் கொம்பனி கொடுக்கச் சம்மதித்தது. புறக்டர் என்னிடம் சிடுசிடுத்தார்: “வழக்காளியும் எதிராளியும் ஒரே வண்டிலில வந்தால், நான் ஆருக்காகக் காணும் கதைக்கிறது?”

என் வாடிக்கையாளர்களில் என் புத்திமதியை முழுதாகத் தட்டிய ஒருவருக்காகத்தான் கொம்பனி முழுதாகக் கொடுத்தது. 1942 பங்குனியில் காத்தமுத்து சல்லியிலிருந்து மறுபடியும் கடலுக்குப் போனார்.