சீல் வைத்த அறைக்குள் இருந்து வந்த சத்தம்

போன வருடம் மழைக்காலம், ஒரு சனிக்கிழமை மதியம். தி.நகரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் நடந்தது. தலை நரைத்த பிறகும் என் பதவி ஆபீஸ் பாய்தான்.

கம்பெனியை விற்கப் போகிறார்கள். வாங்குகிறவர்களின் ஆடிட்டர்கள் பார்ப்பதற்காகப் பத்திரம், லைசென்ஸ், கேஸ் கட்டு எல்லாவற்றையும் பழைய முதலாளியின் அறையில் அடுக்கினேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் ஃபைலின் கலர் பார்த்து அடுக்கினேன். உள்ளே போகிறவர்கள் போன், பை எல்லாவற்றையும் அறைக்கு வெளியே என் மேஜைமேல் வைத்துவிட வேண்டும். முடிந்ததும் வக்கீல் பூட்டி, கதவில் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போடுவார்; அதுதான் சீல். திங்கட்கிழமை அவர் வந்துதான் பிரிக்க வேண்டும்.

அன்றும் எட்டிப் பார்த்துவிட்டுப் பூட்டினார். பசை தடவியது நான். எல்லோரும் கிளம்பியதும் கரண்ட் போனது. அறைக்குள்ளிருந்து டக்... டக்... என்று சத்தம்.

முதலாளி மோதிரத்தால் மேஜையைத் தட்டி என்னைக் கூப்பிடுவது இப்படித்தான். "வந்துட்டேன் சார்!" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம்தான் சார் மாலை போட்ட படமாகி மாசக்கணக்காகிறது என்று உறைத்தது. கட்டட வாசலுக்கு ஓடினேன்.

"இன்னா நைனா, பேயப் பாத்தா மாறி கீற?" என்றார் வாட்ச்மேன்.

"பாக்கலபா, கேட்டேன்."

அவரும் வந்து காது வைத்தார். தட்டலோடு, விசில் மாதிரி இழுக்கிற மூச்சு. "செத்தும் பெர்சு கம்பெனிய விக்க வுடாது. வா, பூடலாம்."

அப்போதுதான் வெளியே என் மேஜைமேல் ஒரு போன் அதிர்ந்தது. 'அம்மா' என்று வந்தது. அந்த அளவுக்கு எனக்குப் படிப்பு உண்டு. நின்றது, மறுபடி அடித்தது. பக்கத்தில் ஒரு கைப்பை.

பேய்க்கு யார் போன் பண்ணி "சாப்ட்டியா"ன்னு கேட்பார்கள்?

வக்கீலுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மாற்றுச் சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. "சாவி குடுபா" என்றேன்.

"சீலைக் கிழிச்சினா உன் வேல காலி!"

"காலியானா ஆவட்டும், குடு!"

கிழித்துத் திறந்தேன். ஆடிட்டர் பெண் ஒருத்தி கதவடியில் சரிந்து கிடந்தாள், கையில் கதவைத் தட்டிய ஸ்டேப்ளர். அறையை ஒட்டிய குளியலறையில் அவள் இருந்தபோது பூட்டியிருக்கிறோம். ஆஸ்துமாக்காரி; கத்த மூச்சில்லை. "பை... பை..." என்றாள். மருந்து அதில்தான், ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். உறிஞ்சி, மெல்ல நிதானத்துக்கு வந்தவள் முதலில் கேட்டது:

"வந்துட்டேன்னு சொல்லிட்டு எங்கண்ணா போனீங்க?"

திங்கட்கிழமை கிழிந்த சீலுக்காக வக்கீல் கத்தினார், சிரித்துச் சமாளித்தேன். கம்பெனியும் கைமாறியது. ஆனால் இன்றைக்கும் ஒரு கதவைப் பூட்டுமுன் குரல் கொடுத்துவிட்டு, பதில் வராத அந்த அமைதியில் நிற்கும்போது, நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி இருட்டில் ஓர் உயிர் காத்திருந்ததை நினைத்து, குளியலறைவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன்.