பித்தளை சுருங்காது

அவர் கையெழுத்தில் என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு அளவு மட்டும்தான். பீடிக்கட்டு லேபிளின் பின்பக்கம், பென்சிலில், 11.2 என்று எழுதியிருக்கிறார். கீழே ஒரு கோடு. வேறொன்றும் இல்லை.

அவர் என் வீட்டுக்காரர். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடையில் வேலை. பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் ஜப்பானிலிருந்து வந்த பழைய ரெக்கார்டு பிளேயரைக் கொண்டு வந்து மோட்டார் கட்டித் தரச் சொன்னதில் ஆரம்பித்தது எல்லாம். அதைக் கட்டி முடித்து ஓடவிட்டவர் அன்று இரவு சந்தோஷத்தில் சோறு கூடச் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு நாங்களே வாங்க ஆரம்பித்தோம். செல்போனில் படம் பார்த்து, சென்னை ஏஜென்ட் ஒருவரிடம் சொல்லி வைப்போம். அவர் கப்பலில் வரும் சாமானோடு சாமானாக இறக்கி, பஸ்ஸில் வேப்பூருக்குப் போட்டு விடுவார். பெட்டியைத் திறந்தால் பெல்ட் தாராக உருகி ஒட்டியிருக்கும். கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கும். அதைச் சுரண்டி எடுப்பது என் வேலை. காயிலும் கரண்டும் வீட்டுக்காரர் வேலை. நன்றாக ஓடினால் விற்போம், விற்றதில் அடுத்தது வரும்.

அதில் ஒரு பெரிய தொல்லை உண்டு. எங்களுக்கு வந்த மிஷின்கள் இருந்த ஊரில் கரண்டு வேறு வேகத்தில் துடிக்குமாம். நம் கரண்டில் போட்டால் மோட்டார் மெதுவாகத்தான் சுற்றும், பாட்டு இழுக்கும். அதற்காக மோட்டார் தலையில் இருக்கும் புல்லியைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரிய பித்தளைப் புல்லி கடைந்து போட வேண்டும். ஒரு மயிரிழை மாறினாலும் பாட்டு கெட்டுப்போகும். லேத்து பட்டறை எங்கள் செராமிக் பேட்டைக்குப் பக்கத்தில். அதனால் அவர் அளவெடுத்து எழுதித் தருவார், நான் வேலைக்குப் போகும் வழியில் பட்டறை அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போவேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். பேட்டையில் பொம்மைக் கம்பெனி. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சை மண் பொம்மையை ஈர ஸ்பாஞ்சால் தேய்த்துக் கொடுப்பேன். எங்களுக்கெல்லாம் ஒரு கணக்கு கையிலேயே ஊறியிருக்கும். மண் காய்ந்து சூளையில் வெந்து வரும்போது எட்டில் ஒரு பங்கு சுருங்கிவிடும். ஏழு அங்குலப் பிள்ளையார் வேண்டுமென்றால் எட்டு அங்குலத்துக்கு அச்சு. யார் என்ன அளவு சொன்னாலும் மனசு தானாகக் கூட்டிக்கொள்ளும்.

முதல் புல்லிக்கு நான் அப்படித்தான் கூட்டிச் சொல்லிவிட்டேன். அவர் எழுதித் தந்த சீட்டைப் பார்த்தேன், வாய் வேறு அளவைச் சொன்னது. எனக்கே தெரியவில்லை. மாட்டிப் பார்த்தால் ரெக்கார்டு பறந்தது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ரெக்கார்டு, ஒரு மிஷினோடு சும்மா வந்தது. ஜப்பான்காரப் பெண் ஒருத்தி பாடுவாள். அன்று அவள் ஒன்றாம் கிளாஸ் பிள்ளை மாதிரி கீச்சுக் கீச்சென்று பாடினாள்.

"ஏ புள்ள, பித்தளைய சூளையில வச்சு சுடப்போறியா?" என்று அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

இரண்டாவது முறையும் கூட்டித்தான் சொன்னேன். அப்போது அவர் சிரிக்கவில்லை. பாண்டிச்சேரிக்காரருக்கு மிஷினைக் கொடுக்கிறேன் என்ற நாள் தள்ளிப்போய்விட்டது.

மூன்றாவதுதான் இந்த 11.2. அன்று காலையில் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, "எப்பிடியும் நீ கூட்டித்தான் சொல்லுவ" என்றார்.

"சொல்ல மாட்டேன் மாமா."

"சொல்லுவ. கை பழகிப்போச்சு ஒனக்கு."

"அப்ப என்ன நம்பலல்ல? நீங்களே போய்ச் சொல்லிக்குங்க." சீட்டை மேஜையில் எறிந்துவிட்டேன். சோறு கட்டித் தரவில்லை. அவர் ஏதோ சொல்ல வந்து, வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். வேப்பூரில் இறங்கியிருக்கும் அடுத்த பெட்டியை எடுக்கப் போனவர். ரோட்டைத் தாண்டும்போது லாரி. பசியோடு போயிருப்பாரா, வழியில் டீயாவது குடித்திருப்பாரா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

காரியம் முடிந்து ஒரு மாசம் வரை மேஜை அப்படியே கிடந்தது. பிளேயர் பாதி கழற்றி, பேப்பர் மேல். கடையிலிருந்து அவர் கூட்டாளி வந்து, "குடும்மா, நான் முடிச்சித் தரேன்" என்றார். தரவில்லை. இதை நான்தான் முடிக்க வேண்டும், அவர் எழுதிய அளவு மாறாமல். நான் கூட்டவில்லை என்று அவருக்குக் காட்ட வேண்டும். வேறு எப்படி அவருக்குப் பதில் சொல்வேன்?

பட்டறை அண்ணனிடம் சீட்டையே நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை. அவர் கடைந்து, அளவுக்கருவியில் பிடித்துக் காட்டினார். பதினொன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர். கைப்பிடிக்குள் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

மாட்டினேன். பெல்ட் போட்டேன். ஊசியை வைத்தேன். பாட்டு இழுத்தது. அந்தப் பெண் குரல் கனத்துப்போய், தொண்டை கட்டின மாதிரி வந்தது.

மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இது என்னாடி, பொம்பளயா ஆம்பளயா? எழவு வூட்டுல அழுவுற மாரி இருக்குது. நிறுத்து."

நிறுத்தவில்லை. அளவு தப்பே இல்லையே. ரெக்கார்டு சுற்றும் தட்டின் ஓரத்தில் பேப்பர் ஒட்டி, செல்போனில் மணி பார்த்து எண்ணினேன். ஒரு நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்ற வேண்டும். இருபத்தொன்பதுதான் வந்தது. மூன்று தரம் எண்ணினேன். இருபத்தொன்பது.

அவர் ஒருநாளும் அளவு தப்பாக எடுத்தவர் இல்லை. சீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பழக்கத்தில் கை கூட்டிப் பார்த்தது. ஏழுக்கு ஒன்று. பன்னிரண்டு புள்ளி எட்டு. அந்த அளவு இருந்தால் முப்பத்து மூன்று சரியாக வரும்.

எட்டில் ஒரு பங்கைக் குறைத்து எழுதியிருக்கிறார். நான் எப்படியும் கூட்டுவேன், கூட்டினால் சரியாக வந்துவிடும். அதற்கப்புறம் யாரும் என்னை எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. அதைத்தான் வாசலில் சொல்ல வந்தாரோ என்னவோ. சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா? நான் கோபத்தில் நின்றிருந்தாலும் காதில் விழுந்திருக்கும்.

மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சீட்டைக் காட்டி எல்லாம் சொன்னேன். நான் சொன்னது அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. என் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டார்.

மறுநாள் அதே சீட்டோடு பட்டறைக்குப் போனேன்.

"நீ குடுத்த அளவுதானம்மா போட்டேன்?" என்றார் அண்ணன்.

"இதுல ஏழுக்கு ஒண்ணு கூட்டிப் போடுங்கண்ணே."

"மறுபடியுமா? ஒன் வூட்டுக்காரரு வந்து கத்தப் போறா..." பாதியில் நிறுத்திக்கொண்டார். லேத்தை ஓடவிட்டு, வேலை முடியும் வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

சாயந்திரம் மாட்டி எண்ணினேன். முப்பத்து மூன்று. மாமியார் அடுப்படியிலிருந்தே, "பொம்பளதான்" என்றார். ஊசியை எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும், ஓடட்டும்" என்றார்.