ஒரு விரல் அகலப் பட்டை

விவசாயப் போதனாசிரியர் வேலை என்பது, நம்மைவிடத் தோட்டம் தெரிந்தவர்களுக்கு நாம் வகுப்பெடுக்கும் வேலை. என்னைப்போல் வெயிலில் ஸ்கூட்டரில் அலைந்தவர்களே, நீங்கள் சிரிப்பது கேட்கிறது. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அந்த வெயில்கூட வேண்டியிருக்கிறது.

தாள் விற்றவர்

அச்சுவேலிக் கமக்காரர் ஒருவர், வெங்காயம் பருக்கவில்லை என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்க மொட்டை. வெங்காயத்தாளுக்குச் சந்தையில் கிராக்கி என்று கத்தரித்து அனுப்பிவிட்டார். இலையில் உண்டாகும் சர்க்கரை கீழே இறங்கினால்தான் வெங்காயம் பருக்கும் என்றேன். தலையைச் சொறிந்தார்.

"அப்ப நான் வெங்காயத்தின்ரை சாப்பாட்டையெல்லோ வித்துப்போட்டன், பிள்ளை!"

இணுவில் மாமரம்

பூமணி அக்கா தாய்வீட்டிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து வைத்த கறுத்தக்கொழும்பான் பத்து வருடமாகியும் காய்க்கவில்லை. தறிக்கப்போவதாகக் கணவர் அருளம்பலம் அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். மரத்தைக் காப்பாற்ற நான் ஒரு வழி சொன்னேன்: பட்டையை ஒரு விரல் அகலத்துக்கு வளையமாக எடுங்கள். சர்க்கரை இறங்கும் உரியக் குழாய்கள் பட்டையின் உட்பக்கத்தில்தான் இருக்கின்றன. அதை வெட்டினால் சர்க்கரை மேலேயே தங்கும், பூக்கும். ஒரு கிளையில் மட்டும் என்று சொல்ல மறந்துபோனேன்.

நான் மறுபடி போனபோது அண்ணை அடிமரத்தையே சுற்றி ஒரு சாண் உரித்து முடித்திருந்தார். தண்ணீர் உள்மரத்தால் ஏறுவதால் இலையெல்லாம் பச்சையாகவே நின்றன; வேர்தான் பட்டினி. அக்கா கத்தியைப் பிடுங்கிக்கொண்டு அழுதார். பிழை என்னுடையது; எனக்கும் அழுகை வந்தது. அண்ணைக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

"நீங்கள் சொன்னதைத்தானே பிள்ளை செய்தனான், கொஞ்சம் கூடச் செய்துபோட்டன்."

நாலு சிம்பு

அன்றைக்கே அந்த மரத்தில் மெல்லிய குச்சிகளாக நாலு சிம்பு வெட்டினேன். அடிமுனையைக் காயத்துக்குக் கீழ்ப் பட்டைக்குள்ளும் நுனியை மேல் பட்டைக்குள்ளும் செருகிக் கட்டினேன். சர்க்கரை இறங்க அதுதான் பாலம். அந்த மாரி முழுக்க, சண்டிலிப்பாய்க்குப் போவதென்றாலும் இணுவிலைச் சுற்றித்தான் போனேன். மூன்று சிம்பு பிடித்தது. மரம் பிழைத்தது.

மூன்றாம் வருடம் அக்கா ஒரு பை மாம்பழத்தோடு நான் வேலை செய்த கந்தோருக்கு வந்தார். அப்படி ஒரு பழம் பிறகு நான் தின்றதில்லை. அண்ணை எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவர் சுகமாய் இருக்கிறார், பிள்ளை. கத்திதான் இன்னும் என்ரை அலுமாரிக்குள்ளை."

கிளையில் மட்டும், ஒரு விரல் மட்டும் என்று இரண்டு தரம் சொல்லப் பழகி முடித்தபோது, ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்; இப்போது என்னைக் கேட்க ஆளில்லை.