ரந்தாவுக்கு வந்த சொங்கிரான் தண்ணீர்

அம்மா வந்தார், நான் வந்தேன். அப்பா வரவில்லை. அவர் பெயரில் எடுத்த டிக்கெட் மட்டும் என் பையில் வந்தது.

ஏப்ரல் 12, காலை. ரந்தாவுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. அப்பா அங்கே பழ லோரி ஓட்டுகிறார். பயணத்துக்குத் தலையாட்டி, பாஸ்போர்ட்டும் எடுத்தவர், கிளம்பும் நேரத்தில் சட்டை மாற்றாமல் நின்றார்.

"சித்திரை ஒண்ணாந் தேதி வீட்ல வெளக்கு ஏத்த ஆளு வேணாமா? நீங்க போய்ட்டு வாங்கலா."

தேவி அக்கா சிரம்பானில் ஒரு தொம்யாம் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் இருந்தார். அங்கே சமைத்த சோம்சாயைக் கல்யாணம் செய்துகொண்டு தாய்லாந்தின் ஹாட்யாய்க்குப் போய்விட்டார். அங்கே இருவரும் இரவுச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். நான்கு வருடமாக அப்பா அவரோடு பேசுவதில்லை. அக்காவிடமிருந்து போன் வந்தால் அம்மா ஸ்பீக்கரில் போடுவார். அப்பா வாசலுக்குப் போய் மோட்டார் சைக்கிளைத் துடைப்பார். அந்த ஊர்ப் புத்தாண்டான சொங்கிரானுக்காவது அவரை அழைத்துப் போய்விட வேண்டும் என்று நான்தான் மூன்று டிக்கெட் எடுத்திருந்தேன்.

சிரம்பானிலிருந்து கோலாலம்பூருக்குக் கொமுட்டர் ரயில், தலைக்கு 8 ரிங்கிட் 70 சென். அங்கிருந்து பாடாங் பெசாருக்கு விரைவு ரயில், 92 ரிங்கிட், ஐந்தரை மணி நேரம். காலி இருக்கையில் அம்மா முறுக்கு டின்னை வைத்தார். ஈப்போவில் ஏறிய ஒருவர், "இங்க ஆளு இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

"வருவாரு," என்றார் அம்மா.

எல்லையிலுள்ள பாடாங் பெசார் நிலையத்துக்குள்ளேயே இரண்டு நாட்டு முத்திரையும் குத்தி விடுகிறார்கள். அங்கிருந்து ஹாட்யாய் ரயிலுக்குத் தாய்லாந்துப் பணத்தில் 70 பாட். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அந்தப் பக்கம் நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். அக்கா வீட்டுச் சமையலறையில் இரண்டு கடிகாரங்கள் மாட்டியிருந்தன. ஒன்றில் நம் ஊர் நேரம்.

"அப்பா லோரி எடுக்குற நேரம் தெரியணும்ல," என்று சொல்லிவிட்டு அக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஏப்ரல் 13. சொங்கிரான் என்றால் தெருவில் தண்ணீர் அடிப்பது என்றே கேள்விப்பட்டிருந்தேன். அதுவும் உண்டுதான். கைப்பேசிக்குப் பிளாஸ்டிக் உறை 20 பாட்டுக்கு விற்கிறார்கள். போகிறவர்கள் முதலில் அதை வாங்கிவிடுவது நல்லது. துக்துக் வண்டியில் ஊரைச் சுற்ற 200 பாட். ஓட்டுநருக்கு மலாய் தெரிந்திருந்தது. "அம்மாவுக்குப் பயம் வேணாம், வயசானவங்களுக்குத் தோள்லதான் ஊத்துவாங்க," என்று அவர் சொல்லி முடிக்குமுன் ஒரு வாளித் தண்ணீர் அவர் தலையிலேயே விழுந்தது.

கரைத்த வெள்ளைப் பொடியைக் கன்னத்தில் பூச ஒரு பெண் வந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கன்னத்துல என்னாத்துக்கு? நெத்தியில பூசும்மா."

தமிழ் தெரியாத அந்தப் பெண், குனிந்த நெற்றியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பூசினாள். அம்மா கண்ணை மூடி வாங்கிக்கொண்டார்.

மதியம் வீட்டில் நடந்ததுதான் இவர்களுக்குப் பெரிய சடங்கு. பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து கைகளை நீட்ட, இளையவர்கள் மல்லிகை மிதக்கும் வாசனைத் தண்ணீரை அவர்கள் உள்ளங்கையில் ஊற்றி, செய்த பிழை பொறுக்கச் சொல்லி ஆசி வாங்குகிறார்கள். சோம்சாயின் அப்பா, அம்மா, பக்கத்தில் எங்கள் அம்மா. அதற்கும் பக்கத்தில் சோம்சாய் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். அதில் யாரும் உட்காரவில்லை.

அக்கா ஊற்றிய தண்ணீரை அம்மா இரண்டு கையையும் குவித்து வாங்கி, அப்படியே குடித்துவிட்டு, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார்.

"ஐயோ அம்மா, அதுல சென்ட் ஊத்திருக்கு."

"தீர்த்தம்னு நெனச்சேன். மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

சம்பந்தியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே காலி நாற்காலிக்கு முன்னால் வந்தவர், கிண்ணத்தைச் சாய்க்க இடமில்லாமல் நின்றுவிட்டார். சிரிப்பு அடங்கிப்போனது. நான் என் தண்ணீர் போத்தலைக் காலி செய்து நீட்டினேன். அக்கா அதில் நிதானமாக ஊற்றினார். ஒரு மல்லிகையும் உள்ளே விழுந்தது.

"கையில ஊத்து தம்பி. நான் ஊத்துனதுன்னு சொல்லு."

ஏப்ரல் 14. காலை ரயிலில் கிளம்பி மாலை ஏழுக்கு வீடு சேர்ந்தோம். சாமி மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா வாசலில் இருந்தார். நான் போத்தலைத் திறந்தேன்.

"கையை நீட்டுங்கப்பா. அக்கா குடுத்தது."

அவர் என்னைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். பிறகு லோரி மசகு படிந்த இரண்டு கைகளும் முன்னால் வந்தன. ஊற்றினேன்.

"குடிச்சிறாதீங்க, சென்ட் தண்ணி," என்றார் அம்மா உள்ளேயிருந்து.

அப்பா குடிக்கவில்லை. ஈரக் கைகளை முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். மல்லிகை அவர் காலடியில் கிடந்தது.

"அங்க இப்ப மணி என்னா?"

"ஆறுப்பா. ஒரு மணி பின்னாடி."

"அப்ப இப்பத்தான் கடை தொறந்திருப்பா," என்றார்.

கடை திறக்கும் நேரத்தை அவரிடம் யாரும் சொன்னதில்லை. மோட்டார் துடைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

போய் வந்த செலவு மொத்தம் 690 ரிங்கிட், அப்பா உட்காராத இருக்கையையும் சேர்த்து.