வளையத்துல கோத்த கொரங்கு

லெமினேட் மெசின் மேல கைய வச்சு சத்தியம் பண்றேன், சுட்டா சுடட்டும், இதுல ஒரு சொல்லு பொய் இல்ல. மாத்தள பஸ் ஸ்டேண்டுக்குப் பக்கத்துல போட்டோகொப்பி கட வச்சிருக்கேன். நம்ம தொழில்ல கை கறுப்பாகும், வாய் சும்மா இருக்காது. மெசின் சூடேறுற வரைக்கும் வர்றவங்கள நக்கலடிக்காட்டி எனக்குப் பொழுது போகாது. என்ன மாதிரி கவுண்டருக்குப் பின்னால நிக்கிற எல்லாருக்கும் இந்த வியாதி இருக்கும். நான் படிச்சது ஆறாங் கிளாஸ் வரைக்கும். மத்தவங்க படிக்கிறத அடிச்சுக் குடுத்துத்தான் வயித்தக் கழுவுறேன்.

பெரம்பு

எல்கடுவ தோட்டத்துல கொழுந்து பறிக்கிற செல்வி ஒரு நாள் வந்துச்சு. கையில ஒரு கொப்பித் தாள். அதுல பென்சில்ல சின்னச் சின்னப் படம்: பல்லுத் தீட்டுற பிரஷ், சட்ட, சோத்துக் கோப்ப, பேக், பஸ். "தனித்தனி கார்டா கலர்ல அடிச்சு, லெமினேட் பண்ணி, வளையத்துல கோத்துத் தாங்கண்ணே"ன்னுச்சு. நாலாங் கிளாஸ் படிக்கிற மக தர்சினிக்காம். ஏடிஎச்டின்னு டொக்டர் சொல்லியிருக்காரு. வாயில சொன்னா அடுத்த நிமிசம் மனசு வேற எங்கயாச்சும் ஓடிருமாம். படமா கையில இருந்தா, ஒண்ண முடிச்சு அடுத்ததத் திருப்பி, வேல ஓடுமாம்.

எனக்கு வாய் அரிச்சிச்சு. "எதுக்கு தங்கச்சி இவ்வளவு செலவு? ஒரு பெரம்பு வாங்கிட்டுப் போ, லெமினேட் பண்ணாமலே வேல செய்யும்"னேன். கடையில நின்ன நாலு பேரும் சிரிச்சாங்க. செல்வி மட்டும் சிரிக்கல.

"பெரம்பெல்லாம் முறிச்சுட்டுத்தான் அண்ணே இங்க வந்திருக்கேன்."

சும்மா குடுத்த பூ

அந்த வெக்கத்துல நல்லா செஞ்சு குடுக்கணும்னு நெனச்சேன். வெள்ளயா கொஞ்சம் எடம் கெடந்தா நம்ம கை சும்மா இருக்குமா? கலியாணக் கார்டுக்குப் போடுற பூ போர்டர எடுத்து எல்லாத்துலயும் சுத்திவரப் போட்டேன். மூலைக்கு மூல ஒரு கிளி. எல்லாம் ஓசி. ஒரு கெழமையில செல்வி அந்த வளையத்தோட திரும்பி வந்துச்சு.

"பூவெல்லாம் எடுத்துருங்கண்ணே. பிரஷ் கார்டுல நாப்பத்திரெண்டு பூ இருக்காம், எண்ணி முடிச்சிட்டா. பல்லுதான் இன்னும் தீட்டல."

கொரங்கு

இத எழுத கை கூசுது.

ஒரு கார்டுக்கு ஒரு படம், சுத்திவர வெறும் வெள்ள. அப்படி அடிச்சுக் குடுத்தது வேல செஞ்சிச்சு. மூணு மாசத்துல தர்சினி தானே எழும்பி, தானே பேக் கட்டி, ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சிட்டா. வீட்டுல செல்வி போட்ட சட்டம் ஒண்ணே ஒண்ணு: வளையத்துல என்ன கார்டு வருதோ அதச் செஞ்சிட்டுத்தான் அடுத்தது. அடுத்து கிளாசுக்குன்னு ஒரு செட் கேட்டு ரெண்டு பேரும் வந்தாங்க. நான் அடிக்கிற நேரம் புள்ள என் சுத்துற கதிரையில ஏறி, கொரங்குக் குட்டி மாதிரி ஒரே சுத்து. நான் சும்மா இருந்திருக்கலாம். 'கொப்பிய எடு'வுக்கும் 'தேதி எழுது'வுக்கும் நடுவுல, குதிக்கிற கொரங்கு படம் ஒண்ண அடிச்சுக் கோத்துட்டேன். வீட்டுல பாத்துச் சிரிப்பாங்கன்னு நெனச்சேன். பஸ்ஸுக்கு ஓடுன அவசரத்துல செல்வி அதப் பாக்கவே இல்ல.

மறுநாள் கிளாசுல தர்சினி கொப்பிய எடுத்தா. கார்டத் திருப்புனா. வாங்குப் பலக மேல ஏறி நின்னு கொரங்கு மாதிரி குதிச்சா. கிளாசே சிரிச்சு, டீச்சர் வெளிய நிக்க வச்சு, அந்தியாகுறதுக்குள்ள அவங்க இருக்கிற லயத்து வீட்டு வரிச முழுக்க அவளுக்குக் கொரங்குன்னு பேராகிருச்சு. அதுக்கப்புறம் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னுட்டா. நாலாம் நாள் செல்வி வந்து அந்தக் கார்ட கவுண்டர்ல வச்சுச்சு. ஏசவே இல்ல. ஏசியிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

"அவ குறும்பு பண்ணல அண்ணே. கார்டுல இருந்ததத்தான் செஞ்சா."

கிழியாத கார்டு

மறுநாள் கடையப் பூட்டிட்டு, புதுசா ஒரு செட் அடிச்சு எடுத்துக்கிட்டு, எல்கடுவ பஸ் ஏறுனேன். லயத்துல தர்சினி அதத் தொடவே இல்ல. "இதுல எந்தக் கார்டு பொய்?"னு கேட்டா.  "நாளைக்கு ஸ்கூலுக்கு வா, எல்லாருக்கும் முன்னால நானே சொல்றேன்"னேன்.

வந்தா. டீச்சர் அஞ்சு நிமிசம் குடுத்தாங்க. ஆறாங் கிளாசுல ஓடிப்போனவன் திரும்ப ஒரு கிளாசுக்குள்ள நிக்கிறேன். "அந்தக் கொரங்கக் கோத்தது நான்தான். இந்தப் புள்ள மேல தப்பே இல்ல"ன்னு சொல்லிட்டு, சட்டப் பையில இருந்த அந்தக் கொரங்கு கார்ட எடுத்து தர்சினி கையில குடுத்தேன், கிழிச்சுப் போடுன்னு. முறுக்கிப் பாத்தா, கடிச்சும் பாத்தா. நான் லெமினேட் பண்ணுனது கிழியுமா?  அப்புறம் என் மூஞ்சிக்கு நேரா தூக்கிப் புடிச்சா.

"கார்டு வந்தா செய்யணும் மாமா."

ஏறுனேன். நாப்பத்தெட்டு வயசுல, தொந்தியோட, வாங்கு மேல நின்னு குதிச்சேன். இப்ப எல்கடுவ பஸ்ஸுல வர்ற புள்ளைங்க கட வாசல்ல நின்னு 'கொரங்கு'ன்னு கூப்புடுறது என்னத்தான். தர்சினி ஒழுங்கா ஸ்கூலுக்குப் போறா. ஆனா இன்னமும் நான் குடுக்குற ஒவ்வொரு கார்டயும் முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்துட்டுத்தான் வளையத்துல கோக்குறா. அந்நேரம் நான் மெசினத் தொடைக்கிற மாதிரி குனிஞ்சுக்குவேன்.

நான் லெமினேட் பண்ணுனா கிழியாதுன்னு மாத்தளையில எனக்கிருக்கிற நல்ல பேர நெனச்சு வெக்கப்படுறது அந்த ஒரு கார்டாலதான். சரி, மானத்த வித்துக் கத சொல்லியாச்சு, கேட்டவங்க ஆளுக்கொரு இஞ்சி பிளேன்டீயோட கடப் பக்கம் வாங்க. வாழப்பழம் மட்டும் வேணாம்.